ஓ.பி. சீட்டு

யாரும் சாகவில்லை.
டாக்டரிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.
வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவளுக்கு
மகன் டேமில் மூழ்கிப் போயிருந்தான்.
அவள் எழுந்த ஸ்டூலில் சூடு ஆறுமுன் உட்கார்ந்து
என் கதையை எடுக்கவே கூசியது.

தீர்ப்பு வந்தது பங்குனியில்.
கேட்டது நான்.
வக்கீலுக்குத் தவணையில் கட்டியதும் நான்.
கோர்ட்டு வாசலில் ஆளுக்கொரு சர்பத் குடித்துவிட்டு
சென்னகேசவன் அவன் பஸ்ஸில் ஏறினான்,
நான் என் பஸ்ஸில்.
அன்றைக்கு ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன்.

சித்திரை பாதியில் தொடங்கியது.
உலையில் விழும் அரிசி இரண்டு பேருக்கு.
பிடித்து அளந்தால் ஒருத்திக்கே போதாது.
காவேரிப்பட்டணத்து வாடகை அறையில்
ஸ்விட்ச் கதவுக்கு வலப்பக்கம்;
கை இடப்பக்கச் சுவரைத் தடவும்
தினமும்,
பல்லி மாதிரி.

மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் சீசன்.
லாரி லாரியாகப் பெங்களூரா இறங்குகிறது.
ஒரு சொட்டுக் கூழைக் கண்ணாடியில் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்து
இனிப்பு எத்தனை என்று எழுதுவது என் வேலை.
பதினான்கு. பதினாலரை. பதினைந்து.
ஒருநாள் மேலே நீலம் கீழே வெள்ளை,
நடுவில் கோட்டைக் காணோம்.
கருவி கெட்டுவிட்டது என்று சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன்.
அவர் வாங்கிப் பார்த்தார். துடைத்தார்.
மறுபடி பார்த்தார்.
“கண்ணைத் துடை, மாதேஸ்வரி” என்றார்.

சீட்டு போடும் ஜன்னலில் கணவர் பெயர் கேட்டார்கள்.
வாய் முந்திக்கொண்டது.

டாக்டர் சின்னப் பெண்.
எழுதாத பேனாவை உதறிவிட்டு என்னுடையதை வாங்கிக்கொண்டாள்.
தூக்கம், பசி, எத்தனை வாரம்,
செத்துப்போகலாம் என்று தோன்றியதா?
இல்லை என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, மேம்பாலத்தில் ஒருதரம் என்றேன்.
அந்த ஒரு பதிலுக்கு மட்டும் எழுதுவதை நிறுத்தினாள்.
அதைப் பற்றியே கால் மணி நேரம் கேட்டாள்.
வெளியே வரிசை முணுமுணுத்தது.
பிறகு, பேர் இருக்கிற நோய்தான் என்றாள்,
அட்ஜஸ்ட்மென்ட் டிஸ்ஸார்டர்,
பெரும்பாலும் ஆறு மாசத்துல தணிஞ்சிடும்,
வியாழக்கிழமை தோறும் வந்து பேசுங்க.

அட்ஜஸ்ட்.
பதினோரு வருஷம் அந்தச் சொல்லைத்தான்
சோற்றோடு பிசைந்து போட்டார்கள்.
சர்துக்கோ, மாமியார் தெலுங்கில்.
அனுசரிச்சுப் போடி, அம்மா போனில்.
சமாதானம் பேச வந்து
காபி குடித்துப் போன நாலு பேரும்
டம்ளரைக் கீழே வைக்குமுன் அதைச் சொன்னார்கள்.
இப்போது அரசாங்க முத்திரையோடு
ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள்
எனக்கு அது வராது என்று.

போலுப்பள்ளியிலிருந்து வந்து
ரவுண்டானாவில் பஸ் மாறினேன்.
மூன்று பேர் சீட்டில் மூன்றாவது ஆள்.
இடுப்பில் தக்காளிக் கூடையோடு ஏறிய ஒருத்தி
“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காரும்மா” என்றாள்.

சிரிப்பு வந்தது.
நிறுத்த முடியவில்லை. கூடவே மற்றதும் வந்தது.
ஜன்னலோரத்துக்காரர் பாஷா மலையை
அன்றுதான் முதன்முதலில் பார்ப்பவர் போலத் திரும்பிக்கொண்டார்.

“முடியாதுக்கா” என்றேன்.
“சீட்டு இருக்கு எங்கிட்ட.”

அவளுக்கு என்ன புரிந்ததோ,
கூடையை என் காலடியில் வைத்துவிட்டுக்
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டாள்.
அவதானப்பட்டி தாண்டும்வரை
என் பாதம் அதற்கு முட்டுக்கொடுத்தபடி இருந்தது.
ஒரு தக்காளிகூட உருளவில்லை.
இறங்கும்போது இரண்டை எடுத்து
என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்,
பழுத்தது ஒன்று, காய் ஒன்று.

அறைக்கதவைத் திறந்தேன்.
கை இடப்பக்கம் போனது.
எடுக்கவில்லை.
பகல் வெயிலில் சுவர் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.
கொஞ்ச நேரம்
அங்கேயே வைத்திருந்தேன்.